றுக்கியாவின் நான்காவது கிணறு

எங்கள் உம்மா உட்கார்ந்திருந்ததைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தொழுகைப் பாயில் கண்டிருக்கலாம். அங்கேயும் ஸலாம் கொடுத்த கையோடு எழும்பிவிடுவார். சாப்பிடுவதுகூட நின்றபடிதான். குசினி வாசலில், கையில் சோற்றுக் கோப்பையோடு, கண் வெளியே வேலியில் இருக்கும். "உம்மா, இருந்து தின்னுங்களன்" என்றால், "இருந்தா முழங்கால் பிடிச்சிரும் மகள்" என்பார். அவருடைய முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத்தான் சோறு தொண்டையில் பிடித்துக்கொள்ளும்.

இப்போது முதிரைவெளியில் நூறு குடிக்கு மேல் இருக்கிறது. பள்ளிவாசல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சங்கக் கடையும் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் "இந்த ஊரைக் காடு வெட்டினது ஆர்?" என்று கேட்டால், பள்ளிவாசல் மரைக்கார் என் வாப்பா ஸஹாப்தீனின் பெயரைச் சொல்கிறார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாப்பா தங்கமான மனிதர். மரம் தறித்தார், வேலி அடைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதரைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது றுக்கியா என்ற பெண்பிள்ளை, எங்கள் உம்மா. அதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? அக்காமாரில் மூத்தவர் ரபீக்கா ராத்தா வாய் திறக்க மாட்டார். நடுவிலவர் ஸல்ஹா ராத்தா திறந்தால் அழுகைதான் வரும். நான் கடைசி, பரீனா. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் ஏறுவார். தாயும் தகப்பனும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். வசதி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. இல்லாதவர்களுக்கு வளவின் பின்மூலையில் ஒரு குடில். அதற்கும் வழியில்லாதவர்களுக்குக் குசினி.

உம்மாவின் தகப்பனுக்குக் கிண்ணியாவில் இருந்தது ஒரே வீடு, பிறந்தது ஐந்து பெண்கள். மூத்தவரான உம்மாவுக்கு அந்த வீட்டைக் கொடுத்தார்கள். இரண்டாவது பெண்ணின் கலியாணத்துக்கு வீட்டின் நடுவில் தட்டி கட்டினார்கள். மூன்றாவதுக்கு இன்னொரு தட்டி. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் மச்சானுக்குக் கேட்கும். சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் நாலாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கினதுதான் தாமதம், உம்மா தன் பங்கு அறையின் தட்டியை அவிழ்த்தார், சுருட்டினார், தோளில் வைத்தார்.

"என்னடி செய்றாய்?" என்று அவருடைய தாய் கத்தினாராம்.

"அறை பெருத்திட்டுது. நாலாமவள் இரிக்கட்டும். நான் போறன்."

"எங்க போவாய், பிள்ளையையும் வெச்சிக்கொண்டு?"

"தெற்கால காடு கிடக்குத்தானே."

வாப்பாவுக்கு அப்போது திருகோணமலையில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் சுமை தூக்குகிற வேலை. கிழமைக்கு ஒருமுறைதான் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி இக்கரைக்கு வருவார். அந்தக் கிழமை வந்து பார்த்தால் பெண்சாதியும் இல்லை, பிள்ளை ரபீக்காவும் இல்லை, தட்டியும் இல்லை. விசாரித்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து போனவர், முதிரை மரம் ஒன்றின் கீழ் தட்டியைச் சாய்த்து வைத்து அதன் நிழலில் உம்மா சோறு வடித்துக்கொண்டு நிற்கக் கண்டார். கூடவே இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. அவையும் கிண்ணியாவில் தட்டிக்குள் வாழ்ந்து சலித்தவைதான்.

"றுக்கியா, ஆனை வந்து மிதிச்சா என்ன செய்வாய்?" என்று வாப்பா கேட்டாராம்.

"மிதிச்சாப் பொறகு ஒண்டும் செய்ய ஏலாது. அதுக்கு முதல் நீங்க அந்த மரத்தத் தறிங்க."

கூட வந்தவர்கள் முதலில் குடிசை போட்டார்கள். உம்மா முதலில் கிணறு வெட்டினார். தம்பலகாமத்திலிருந்து பாக்கியரத்தினம் என்ற இளந்தாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாக்கியரத்தினம் குழிக்குள் நின்று அலவாங்கு என்ற இரும்புக் கடப்பாரையால் குத்திக் கிளப்ப, உம்மா மேலே நின்று கடகத்தில் மண்ணை இழுத்துக் கொட்டினார். தண்ணீர் கண்டபோது மாரி முடிந்து கொஞ்ச நாள்தான். கூட வந்தவர்கள் குடித்துப் பார்த்து, "இளநி மாதிரி இரிக்கு, இனி வீட்டப் போடு" என்றார்கள். உம்மா போடவில்லை. அவருக்கு அதில் ஒரு பிடிவாதம். எங்கள் நிலம் கடல் நீர் ஏறுகிற களப்பை ஒட்டின நிலம். மழைத் தண்ணீர் மேல்மண்ணில் நிற்கும் மட்டும் எந்தக் குழியும் இனிக்கும். கோடையில் கச்சான் காற்று அடித்து, களப்பு வற்றி, மேல் தண்ணீர் இறங்கினால்தான் கிணற்றின் குணம் தெரியும். கச்சானில் வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். இனித்தால் வீடு போடலாம். உப்பேறினால் குழியை மூடிவிட்டு இன்னும் மேட்டுக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் கச்சான் வந்தது. மற்ற இரண்டு குடும்பங்களின் கிணறுகளும் உப்பாகிப் போயின. புதுக் குடிசைகளைப் பார்த்துப் பார்த்து அழுதுவிட்டு அவர்கள் கிண்ணியாவுக்கே திரும்பினார்கள். உம்மாவின் கிணறு இனித்தது. அதற்குப் பிறகுதான் தட்டியை நிமிர்த்தி வீடு கட்டினார். அந்தத் தண்ணீரைக் கண்டு அடுத்த வருஷம் ஐந்து குடி வந்தது, அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். இப்படித்தான் ஊர் உண்டானது. மரைக்கார் இதை எங்கே சொல்லப் போகிறார்?

ஸல்ஹா ராத்தாவும் நானும் முதிரைவெளியில்தான் பிறந்தோம். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுக் கப்பல் ஏறினபோது வாப்பாவுக்கு வேலை போயிற்று. அவரும் வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். இனியாவது றுக்கியா ஓய்ந்து இருப்பாள் என்று ஊர் நினைத்தது. ரபீக்கா ராத்தா பெரிய பிள்ளையான மறு வருஷம் பாக்கியரத்தினத்தின் அலவாங்குச் சத்தம் காட்டோரத்தில் எழும்பியது. முதல் வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத தூரம். கச்சானில் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார், சரி. மாப்பிள்ளை பேசினார், றஊப் மச்சான் அகப்பட்டார். ராத்தாவுக்கு முதல் வீடு. நாங்கள் சட்டி பானையோடு இரண்டாம் கிணற்றுக்குப் போனோம். அதிலிருந்து ஊருக்கு ஒரு பாடம் விளங்கிவிட்டது. றுக்கியா கிணறு வெட்டினால் கலியாணம். அதன் பிறகு கலியாணத் தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து நேரத்தை வீணாக்குவதில்லை. பாக்கியரத்தினம் ஊருக்குள் வந்துவிட்டாரா என்று மட்டும் விசாரிப்பார்.

சூறாவளி அடித்த வருஷம் வாப்பா மௌத்தானார். பட்டியில் மாடுகளை அவிழ்த்துவிட ஓடினவர் மேல் மரம் விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. காற்று நின்ற பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

உம்மா இத்தா இருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டாமல், வெளி ஆண்களைக் காணாமல், ஓர் அறைக்குள். நிற்காத மனுஷியை அல்லாஹ் இருத்திவைத்துவிட்டான் என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள். இருந்தாரா? பன்புல் கொண்டுவரச் சொன்னார். பாய் இழைக்கத் தொடங்கினார். முழங்காலில் நின்றும், குந்தியும், சுவரோடு நகர்ந்து நகர்ந்தும் இழைத்தார். படுக்கிற பாய், தொழுகிற பாய், நெல் காயப்போடுகிற பாய். இத்தா முடிந்தபோது அந்த வீட்டில் மனிதர் கால் வைக்க இடமில்லை. அவர் அழுததை நான் காணவில்லை. ஆனால் அந்தப் பாய்களில் ஒன்றுகூட நேராக இருக்கவில்லை, எல்லாவற்றின் ஓரமும் கோணல்.

பிறகு வாப்பா இல்லாமலே மூன்றாம் கிணறு வெட்டினார். ஸல்ஹா ராத்தாவுக்கு இரண்டாம் வீடு. உம்மாவும் நானும் மூன்றாம் கிணற்றுக்குக் குடிபோனோம்.

எழுபத்தாறாம் ஆண்டு. நான் ஸல்ஹா ராத்தா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், முற்றத்தில் பாக்கியரத்தினம் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அலவாங்கு.

"ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டேன்.

பாக்கியரத்தினம் தேத்தண்ணிக்குள் முகத்தைப் புதைத்தார். உம்மா குசினிக்குள்ளிருந்து, "வேற ஆருக்கு, உனக்குத்தான்" என்றார், மீன் விலை சொல்வது போல.

மாப்பிள்ளை மூதூர்ப் பெடியன், ஜெமீல், உழவு மெசின் ஓட்டுகிறவர். ஆளில் எனக்குக் குறையில்லை, கண்டிருக்கிறேன், நல்ல சிரிப்பு. குறை உம்மாவில்தான். அறுபதை எட்டப்போகிற மனுஷி. கை கால் எல்லாம் காய்த்துப் போன மனுஷி. இவர் மறுபடியும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு யானை திரிகிற காட்டோரத்தில் தனியாக இருக்கப் போகிறாராம், நான் இங்கே புதுப் பாயில் படுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு விசிறப் போகிறேனாம்.

"நீங்க இந்த வீட்ட விட்டுப் போனா நான் கலியாணக் காவினுக்குச் சம்மதிக்க மாட்டன்," என்றேன். "இஞ்சயே இரிக்கணும். என்னோட. மௌத்தாகும் மட்டும்."

"மாமி இரிக்கிற வீட்டில மருமகன் கால் நீட்டி இரிப்பானா? ஊர் சிரிக்கும்."

"சிரிச்சா பல்லு உதிரும், உதிரட்டும். நீங்க போனா எனக்குக் கலியாணம் வேணா. நான் ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான்."

"இது ஆர்ட வாய்?" என்று உம்மா பாக்கியரத்தினத்தைக் கேட்டார்.

"உங்கடதான் அக்கா," என்று அந்த மனிதர் சொல்லிவிட்டு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஜெமீலிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். "மாமி இரிக்கட்டும், எனக்கென்ன, நான் தின்றது ஒரு கோப்பை சோறுதானே" என்று சொல்லியனுப்பினார். உம்மாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கலியாணம் நடந்தது. உம்மா போகவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், மடச்சி.

கலியாணம் முடிந்த கிழமை, நான் அரிசி களைந்துகொண்டு நிற்கிறேன். உம்மா குசினி வாசலில் வந்து நின்று, "மகள், ஒரு தேசிக்காய் பிடுங்கட்டா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

"கேட்டுத்தானே எடுக்கணும். மரம் உன்ட."

"அந்த மரத்த வெச்சது ஆரு? தண்ணி ஊத்தினது ஆரு? என்ன கதை இது உம்மா!"

"வெச்சது நான். குடுத்தாப் பொறகு உன்ட."

கத்தினேன். மரத்தடிக்குப் போய் ஒரு கிளையையே முறித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டேன். அவர் ஒரேயொரு காயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பத்திரமாகக் குசினிக்குள் வைத்துவிட்டுப் போனார். ஜெமீலின் மெசின் சத்தம் தெருவில் கேட்டால் போதும், முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்வேலியோரம் போய் நின்றுவிடுவார். "மாமி, உள்ளுக்கு வாங்க, வெயிலா இரிக்கு" என்று இவர் கூப்பிடுவார். "இல்ல மகன், வேலி சரிஞ்சி கிடக்கு, பாக்கிறன்" என்று பதில் வரும். வேலி நேராகத்தான் நிற்கும்.

விடிந்தால் நடைதான். முதல் கிணறு, இரண்டாம் கிணறு, பிறகு எங்கள் கிணறு. ஒவ்வொரு வளவிலும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "இலை விழுந்து கிடக்கு, வாளி கழுவல்ல" என்று ஏசிவிட்டு வருவார். ஸல்ஹா ராத்தாவின் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. மூன்று வளவிலிருந்தும் மூன்று கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து உம்மாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு கொடுப்பார்கள். உம்மா நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவார், எது யாருடைய வளவு என்று. ஒருநாளும் பிழையானதில்லை.

இப்படியே போயிருக்கும். ரபீக்கா ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. றஊப் மச்சானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை. அந்த மனிதர் பதினெட்டு வருஷம் திருகோணமலையில் படம் பார்த்தார், தேத்தண்ணிக் கடையில் இருந்து அரசியல் கதைத்தார், ஒரு கட்டை நட்டு இரண்டாவது வீட்டுக்கு வழி பார்க்கவில்லை. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டுமே? முதல் வீட்டைக் கொடுத்தார்கள். மச்சான் கிண்ணியாவில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். ராத்தா குசினிக்குள் போனார்.

உம்மாவும் நானும் பார்க்கப் போனோம். உரலுக்கும் விறகுக்கும் நடுவில் பாய் விரித்திருந்தது. கோணல் ஓரம், இத்தாவில் இழைத்த பாய். மருமகன் சாப்பிட்டு எழும்பும் மட்டும் ராத்தா வெளியே வெயிலில் நின்றார். அன்று உம்மா அந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கவில்லை. வழி முழுக்க, "குசினிக்குள்ள. என்ட மூத்த பிள்ளை குசினிக்குள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வீட்டைக் காட்டுக்குள் கட்டி எழுப்பியவர் அவர், மகளை அந்தக் கோலத்தில் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அடுத்த மாரியில் எனக்கு அசனா பிறந்தாள். பெண்பிள்ளை. ஜெமீல் ஊருக்கெல்லாம் சீனி கொடுத்தார். நாற்பது நாள் முடியும் மட்டும் உம்மா என்னைப் பத்தியத்தில் வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, இரவும் பகலும் நடந்தார். நாற்பது முடிந்த மறுநாள் காலையில் அவருடைய மூலை வெறுமையாகக் கிடந்தது. சட்டி இல்லை, பாய் இல்லை, மண்வெட்டி இல்லை. நான் வாசலில் நின்று கூப்பிடப் போன நேரம் களப்புப் பக்கமிருந்து அலவாங்குச் சத்தம் கேட்டது. கணீர், கணீர் என்று. இதுவரைக்கும் உம்மா வெட்டின எந்தக் கிணற்றின் சத்தமும் பழைய வீட்டுக்குக் கேட்டதில்லை. இது என் குசினிக்கே கேட்டது.

மத்தியானத்துக்குள் ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. "பரீனா தாயைத் துரத்திப்போட்டாள். பிள்ளை பெத்து எடுக்கும் மட்டும் வெச்சிருந்து போட்டுத் துரத்திட்டாள்." சங்கக் கடை வாசலில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே போனேன்.

களப்போரத்துப் பள்ளக்காணி. பாக்கியரத்தினம் நரைத்த தலையோடு குழிக்குள் நெஞ்சளவு இறங்கி நிற்கிறார். உம்மா மேலே நின்று கடகத்தை இழுக்கிறார், மூச்சு இரைக்கிறது.

"ஊர் என்னைக் காறித் துப்புது, கேட்டதா?" என்று கத்தினேன். "உங்களுக்கு என்ட வீட்டில என்ன குறை? சோறு தரல்லயா? அவர் ஒரு சொல்லுச் சொன்னவரா? எனக்கு நீங்க வேணும் உம்மா! ஏன் என்னை விட்டிட்டு ஓடுறீங்க?"

"கத்தாத, பிள்ளை பயப்பிடும்."

"இந்த வயசில தனிய ஒரு வீடு கேக்குதா உங்களுக்கு?"

"எனக்கெண்டு ஆரு சொன்னது?" உம்மா கடகத்தைக் கீழே வைத்தார். "இது உனக்கு."

"எனக்கா?"

"உனக்குத்தான். இந்தா, கையில வெச்சிருக்காய் ஒண்டு. இவளுக்கு வீடு குடுக்கணும். உன்ட வீட்டக் குடுத்திட்டு நீ எங்க போவாய்? உரலுக்குப் பக்கத்தில பாய் போட்டுப் படுப்பியா? மூத்தவள் இறங்கி நிக்க நான் ஒரு இடம் பாக்கல்ல, அவள்ற புரிசன் பாப்பான் எண்டு இருந்திட்டன். நீ குசினிக்குள்ள கிடக்கிறத கபுருக்குள்ள இருந்தும் என்னால பாக்க ஏலாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "நாப்பது கழிஞ்ச பிள்ளை உம்மா இது! பல்லு முளைக்காத பிள்ளைக்கு இப்பயே கலியாணமா?"

"ரபீக்காவும் ஒருநாள் பல்லு முளைக்காமத்தான் இருந்தாள்."

குழிக்குள்ளிருந்து பாக்கியரத்தினம் தலையை நீட்டினார். "நீயாவது சொல்லு தங்கச்சி. இது பள்ளம். கச்சானில உப்பேறும். மேட்டுக்குப் போவம் எண்டா அக்கா கேக்கிறா இல்ல. இவ்வளவு காலம் எனக்குப் படிப்பிச்ச மனுசி."

"நீ வெட்டு," என்றார் உம்மா.

"ஏன் உம்மா? உங்களுக்குத் தெரியாததா? ஏன் இந்த இடம்?"

உம்மா கையை நீட்டினார். பள்ளத்துக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் மரம் இல்லை, வெறும் புல்வெளி. என் குசினிக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ரெண்டாம் கிணத்தில இருந்து ரபீக்காவ எனக்குத் தெரியல்ல. மூண்டாம் கிணத்தில இருந்து ஸல்ஹாவத் தெரியல்ல. தண்ணியப் பாத்துப் பாத்து மேட்டுக்குப் போனன், பிள்ளைகள் பின்னால நிண்டிட்டுதுகள். விடிஞ்சா எழும்பி, அவள் அடுப்பு மூட்டினாளா, இவள் அடுப்பு மூட்டினாளா எண்டு மனம் கிடந்து அடிக்கும். அதுதான் நடந்து திரிஞ்சன். நீ அப்பிடித் திரியாத. இஞ்ச இருந்தா அசனாட அடுப்புப் புகை தெரியும்."

இருபத்து மூன்று வருஷம் அந்த மனுஷியோடு வாழ்ந்தேன். கால் ஓயாத விசர் என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளையை மரநிழலில் உம்மாவின் கோணல் பாயில் கிடத்திவிட்டு, கடகத்தின் கயிற்றை அவர் கையிலிருந்து பறித்தேன். அழுதுகொண்டு இழுத்தேன், ஏசிக்கொண்டும் இழுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. பாக்கியரத்தினம் ஒரு சிரட்டையில் அள்ளி நீட்டினார். இளநீர்தான், அப்படி இனித்தது. உம்மா குடித்தார். பிறகு மண்மேட்டில் உட்கார்ந்தார். உண்மையாகவே உட்கார்ந்தார், இரண்டு காலையும் நீட்டி, என் வீட்டுப் புகையைப் பார்த்துக்கொண்டு. ஜெமீல் மெசினில் வந்து இறங்கியபோது மறந்துபோய் முக்காட்டைக்கூட இழுக்கவில்லை.

வீடு கட்டக் கச்சான் வரவேண்டும் என்று சொல்லி, அங்கேயே ஓலையால் ஒரு பந்தல் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். கச்சானுக்கு முதல் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு, பாதைப் படகில் களப்பைக் கடந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இருதயம் களைத்துப் போயிற்று, படுக்கையில் வைத்திருங்கள் என்றார்கள். றுக்கியாவைப் படுக்கையில் வைத்திருக்க அவர்களுக்குத் தெரிந்த வழியைச் சொல்லவில்லை. என் வீட்டுக்கே கொண்டுவந்து, நடுவறையில் கிடத்தினேன்.

காற்று திரும்பியது. யன்னல் பலகை அடிபடத் தொடங்கியது, சோற்றில் மண் விழுந்தது. உம்மா படுத்த படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருந்தார்.

"கச்சான் தொடங்கிட்டுதா?"

"தொடங்கிட்டுது உம்மா."

"களப்பு வத்திட்டுதா?"

"வத்துது, வத்துது. படுங்க."

"போய்ப் பாத்திட்டு வா. வாயில விட்டுப் பார். அந்தத் தண்ணியில எனக்கும் ஒரு மிடறு கொண்டு வா."

இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் மத்தியானம், செம்பை எடுத்துக்கொண்டு போனேன். களப்போரம் வெடித்துக் கிடந்தது, வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. வாளியை விட்டேன். அள்ளி வாயில் விட்டேன். துப்பினேன். நாக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இன்னொருமுறை அள்ளினேன். உப்பு. கண்ணீர் போல உப்பு. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, இந்த மனுஷிக்கு இதைக்கூட நீ குடுக்கல்லயே" என்று வாய்விட்டு அழுதேன்.

அதை எப்படிச் சொல்வது? கொஞ்ச நாளாக உப்பில்லாக் கஞ்சியை உப்பில்லை என்று சொல்லாமல் குடிக்கிறார். நாக்குச் செத்துப்போயிற்று, இனி என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, எங்கள் முற்றத்துக் கிணற்றில் செம்பை நிரப்பினேன். முகத்தைக் கழுவினேன். உள்ளே போனேன்.

"இந்தாங்க உம்மா, புதுக் கிணத்துத் தண்ணி. இனிக்குது."

தலையை நிமிர்த்திப் பிடித்தேன். ஒரு மிடறு வாயில் வாங்கினார். விழுங்கவில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"இது உன்ட முத்தத்துத் தண்ணி," என்றார்.

செம்பைக் கீழே வைத்தேன்.

"அங்க உப்பு, என்ன?"

"ஓம் உம்மா."

அவருடைய கால் ஆட்டம் நின்றிருந்தது. யன்னல் மட்டும் அடிபட்டது.

"பாக்கியரத்தினம் சொன்னவன். நான்தான் புகையப் பாத்திட்டன், தண்ணியப் பாக்கல்ல." என் கையைத் தேடிப் பிடித்தார். "அந்தக் குழிய மூடிப்போடு மகள், மாடு கண்டு விழும். மேட்டுக்குப் போ. புகை தெரியாட்டியும் பரவாயில்ல. இனிக்கிற தண்ணியில இரி."

செம்பில் இருந்த மிச்சத்தையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் கிழமையே போய்விட்டார். கொடுத்துவிட்ட வீட்டில், கேட்காமல் ஒரு தேசிக்காய் பிடுங்காத வீட்டில். அந்த முற்றத்துத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம்.

நாற்பதாம் கத்தம் ஓதி, சோறு கொடுத்து, வந்த சனம் போன மறுநாள், பாக்கியரத்தினமும் நானும் பள்ளக்காணிக் கிணற்றை மண்போட்டு மூடினோம். நடுவில் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ரபீக்கா ராத்தா, இடுப்பில் கடகத்தோடு. வந்து மண்ணை அள்ளத் தொடங்கினார். மூடி முடிந்ததும் மேட்டுப்பக்கம் பார்த்து, "ரெண்டு வீட்டுக்கு இடம் காணுமா?" என்று மட்டும் கேட்டார். காணும் என்றேன்.

காற்று இன்னும் கச்சான்தான். அது முடிவதற்குள் வெட்ட வேண்டும், அப்போதுதான் ஏமாற மாட்டோம். வீட்டுக்கு வந்து பெரிய மண்வெட்டியைத் தேடினேன். அசனாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஜெமீல் என்னைப் பார்த்தார், முகம் மாறிப்போயிற்று.

"மாமி போய் நாப்பது நாள்தானே. அதுக்குள்ள எங்க?"

"மேட்டுக்கு."

"இவளுக்கு இன்னும் தவழவும் தெரியா. என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?"

"பல்லு வந்திட்டுது," என்றேன். "பிள்ளைய ஸல்ஹா ராத்தாட்டக் குடுத்திட்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு வாங்க."